டோட்டல் லாஸ்னு ஒரு பட்டன்

மூடாதீங்க தம்பி, மூடாதீங்க. நான் எட்டிப் பாக்கல. ஜன்னல் பக்கம் திரும்பினேன், கண்ணுல பட்டுது, அவ்வளவுதான். இந்தக் கட்டத்தை இங்க இழுத்து வெச்சு, அந்தக் கோட்டைக் கொண்டுபோய் அதுல ஒட்டறீங்களே, அது எனக்குத் தெரியும். கோடிங் எழுதாமலே ஆப் பண்றது. சும்மா கேள்விப்பட்டுச் சொல்லல. நானே ஒண்ணு பண்ணியிருக்கேன். ரிட்டையர் ஆனதுக்கப்புறம், ஒரு கிளாஸுக்கும் போகாம, யூடியூப் பாத்தே பண்ணேன். அதனாலதான் இப்போ இந்த ரயில்ல உக்காந்திருக்கேன்.

நீங்க கோயம்புத்தூர் வரைக்குமா? நல்லது. நானும் கடைசி வரைக்கும்தான். பொண்ணைப் பாக்கப் போறேன். லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கா. வரேன்னு சொல்லல. சொன்னா வேணாம்னுடுவா. கீழ எறங்கி வந்து என் மூஞ்சியைப் பாப்பாளா மாட்டாளான்னே தெரியல. அந்தப் படபடப்புல வாய் சும்மா இருக்க மாட்டேங்குது, தப்பா எடுத்துக்காதீங்க. வேலை இருந்தா சொல்லிடுங்க, நிறுத்திக்கிறேன்.

இல்லியா? சரி. காபி வருது பாருங்க, ரெண்டு சொல்றேன். அட, இருக்கட்டும், நான்தான் குடுப்பேன்.

என் பேரு சபாநாயகம். இன்சூரன்ஸ் கம்பெனில மோட்டார் கிளெய்ம்ஸ் பாத்துக்கிட்டிருந்தேன். மோதினது, கவுந்தது, எரிஞ்சது, வெள்ளத்துல மூழ்கினது எல்லாம் என் டேபிளுக்குத்தான் வரும். இப்போ மாடம்பாக்கம் பக்கத்துல செண்பகா என்க்ளேவ்னு ஒரு ஃப்ளாட்ல இருக்கோம். அங்க அசோசியேஷன் செகரட்டரி நான்தான். நான்தான்னா, இருந்தேன். இப்போ இல்ல. அதுக்கு வரேன்.

செகரட்டரின்னா என்னன்னு நெனக்கிறீங்க? பேப்பர் எடுத்துக் குடுக்கிற வேலை தம்பி. பேங்க் லோனுக்குப் பிளான் அப்ரூவல் காப்பி வேணும் சார்னு ஒருத்தர் வருவார். லிஃப்ட் காண்ட்ராக்ட் காப்பி எங்க சார்னு இன்னொருத்தர். போர்வெல் போட்ட ரசீது, பெயின்ட் அடிச்ச கொட்டேஷன். நான் சோப்பு போட்டுக்கிட்டு நிப்பேன், வெளில காலிங் பெல் அடிக்கும். அவ்வளவும் எடுத்துக் குடுப்பேன். அப்பவும் கோதண்டபாணி என்ன சொல்வார் தெரியுமா? கோதண்டபாணி எனக்கு முன்னாடி செகரட்டரியா இருந்தவர், ரெண்டாவது மாடி. "நம்ம சபாநாயகம் சார்கிட்ட ஒரு பேப்பர் கேட்டா அது வந்து சேர்றதுக்குள்ள வீடே வித்துடலாம்"னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டார். கீழ எல்லாரும் சிரிக்கிற பொம்மை. சிரிச்சவங்க பேரெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு.

அப்பத்தான் முடிவு பண்ணேன், ஒரு ஆப் பண்ணிடறதுன்னு. அவங்கவங்க ஃபோன்லயே பட்டனை அழுத்தி, வேணுங்கிற பேப்பரை எடுத்துக்கட்டும். என்னைக் கூப்பிடவே வேணாம்.

எனக்கு இதுல பாதி வேலை முன்னாடியே முடிஞ்சிருந்துது. எப்படின்னா, நான் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வெக்கிற ஆளு. பேப்பர் எல்லாம் வெக்கிறதுக்குன்னு ஆன்லைன்ல ஒரு பீரோ மாதிரி இருக்கே, டாக்குமென்ட் மேனேஜ்மென்ட்னு சொல்வாங்களே, அதுல சந்தா கட்டி வெச்சிருந்தேன். எங்க வீட்டு ரேஷன் கார்டு, பென்ஷன் ஆர்டர், கேஸ் கனெக்‌ஷன் வவுச்சர், எல்லாம் அதுலதான். அசோசியேஷன் பேப்பரும் அதுலயேதான் போட்டு வெச்சிருந்தேன். தனித்தனி ஃபோல்டர். ஒரு பேப்பரும் தப்பான இடத்துல இருக்காது. ஆபீஸ்ல எப்படி வெச்சிருந்தேனோ அதே முறை. நடப்பு, முடிந்தது, பெண்டிங், டோட்டல் லாஸ்.

டோட்டல் லாஸ்னா திட்டற வார்த்தைன்னு நெனச்சுக்காதீங்க. கிளெய்ம்ஸ்ல அது ஒரு வகை. வண்டி அடிபட்டு வந்துதுன்னா, சரி பண்ற செலவு வண்டியோட மதிப்பைத் தாண்டிடுச்சுன்னு வைங்க, அப்போ ரிப்பேர் பாக்க மாட்டோம். டோட்டல் லாஸ்னு எழுதி, கணக்கை முடிச்சு, தனி ரேக்ல வெச்சிடுவோம். அப்புறம் அந்த ஃபைலை ஒருத்தரும் திறக்கறதில்ல. வீட்டுலயும் எனக்கு அப்படி ஒரு ஃபோல்டர் இருந்துது. வெள்ளத்துல போன எங்க கார் அதுல இருந்துது. கரையான் அரிச்ச கட்டிலுக்கு வாரண்டி கேட்டு நான் எழுதினதெல்லாம் இருந்துது. அப்புறம் அரசியோட பேப்பரும் அதுலதான் இருந்துது.

அரசி என் பொண்ணு. மங்கையர்க்கரசி. ஒரே பொண்ணு.

கல்யாணம் பெங்களூர்ல பண்ணிக் குடுத்தோம். ஒத்துவரல. ரெண்டு பேரும் சேந்தே கோர்ட்ல எழுதிக் குடுத்துப் பிரிஞ்சாங்க. என்ன காரணம்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. கேட்டிருந்தா சொல்லியிருப்பா. நான் கேக்கல. கோர்ட் ஆர்டர் காப்பி வந்ததும் ஸ்கேன் பண்ணி ஃபோல்டர்ல போட்டேன். கல்யாணப் பத்திரிகை, ரிஜிஸ்டர் ஆபீஸ் சர்டிஃபிகேட் எல்லாம் முன்னாடி 'முடிந்தது'ல இருந்துது, அதையும் எடுத்து அதோட சேத்தேன். சம்பந்தப்பட்ட பேப்பர் ஒரே இடத்துல இருக்கணும் இல்லியா?

அவ எங்களோட வந்து இருந்தா. ஃப்ளாட்ல எல்லார்கிட்டயும் லீவுக்கு வந்திருக்கான்னு சொன்னோம். சொன்னோம்னா, நான் சொன்னேன். பொங்கலுக்கு வந்தவளுக்கு ஆடி வரைக்கும் லீவு. லிஃப்ட்ல யாராவது "அரசி எப்போ வந்தா?"ன்னு கேட்டா "நேத்துதான்"னுவேன். எப்போ கேட்டாலும் நேத்துதான். அவ ரூம்ல உக்காந்து வீட்டுலேருந்தே வேலை பாப்பா. சத்தமா மீட்டிங் பேசினான்னா நான் போய் பால்கனிக் கதவைச் சாத்திட்டு வருவேன். அவங்கம்மா என்னை ஒரு பார்வை பாப்பா.

அவ வேலை என்ன தெரியுமா தம்பி? சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவன் பண்ண ஆப்ல எங்க ஓட்டைன்னு கண்டுபிடிச்சுச் சொல்றதுதான் அவளுக்குச் சம்பளம்.

அந்த ஆப்பை ஆரம்பிச்சப்போதான் அவ என் பக்கத்துல வந்து உக்காந்தா. அது வரைக்கும் சாப்பாட்டு நேரத்துல உப்பு எடு, ரசம் ஊத்துங்கிறதோட பேச்சு முடிஞ்சிடும். ஒரு சாயங்காலம் நான் இந்தக் கட்டத்தை இழுக்கிறேன், அது வேற எங்கயோ போய் உக்காருது. திட்டிக்கிட்டிருந்தேன். பின்னாடியிருந்து ஒரு சிரிப்பு. "அப்பா, அதைப் பிடிச்சு அங்க விடக் கூடாது, இதுக்குள்ள விடணும்"னா. அவ சிரிச்சு எவ்வளவு நாளாச்சுன்னு அப்பத்தான் தோணுச்சு. அப்புறம் தினமும் வேலை முடிஞ்சதும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கிட்டு வந்து உக்காருவா. கலர் சரியில்லம்பா, எழுத்து பெருசா இருக்கணும், வயசானவங்க பாக்கறதுன்னுவா. அவங்கம்மா கிச்சன்லேருந்து வந்து எங்களைப் பாத்துட்டுத் திரும்பிப் போவா. நல்லா இருந்துது தம்பி அந்த நாள். உண்மையாவே நல்லா இருந்துது.

பட்டன், படம் எல்லாம் ரெடி. கடைசில அந்த ஆப்பை இந்த பீரோவோட சேக்கணும். கனெக்ட்னு ஒண்ணு வரும், உங்களுக்குத் தெரியும். அழுத்தினா, யார் பேர்ல சேக்கறதுன்னு கேக்கும். அரசி சொன்னா, "அப்பா, உங்க பேர்ல குடுக்காதீங்க. அசோசியேஷனுக்குன்னு தனியா ஒரு ஐ.டி. எடுத்து, அந்தப் பேப்பரை மட்டும் அதுல மாத்தி வெச்சுக் குடுங்க"ன்னா. எனக்கு அது பிடிக்கல. என் பேர்ல குடுத்தா ஒவ்வொரு பேப்பருக்குக் கீழயும் 'வழங்கியவர் சபாநாயகம்'னு வரும். கோதண்டபாணி லிஃப்ட் காண்ட்ராக்டைத் திறந்தாக்கூட என் பேரைப் பாத்துட்டுத்தான் மூடணும். நாயா பேயா உழைச்சது நான், பேரு மட்டும் அசோசியேஷனுக்கா? "இருக்கட்டும்மா, நான்தானே செகரட்டரி"ன்னேன்.

அடுத்து, எந்த ஃபோல்டர்னு கேக்கும். ஒண்ணொண்ணா டிக் போடணும். இல்லாட்டி 'எல்லாம்'னு ஒரே டிக். ஒண்ணு விட்டுப்போச்சுன்னா கோதண்டபாணி அதைத்தான் பிடிச்சுக்குவார். அதனால 'எல்லாம்'. என் வீட்டு ஃபோல்டரும் அந்தப் பக்கமே இருக்குன்னு தெரியாதா எனக்கு? தெரியும். ஆனா அதெல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன். என் பீரோ, என் சாவி, நான் திறந்தா எல்லாம் தெரியும், அடுத்தவங்க திறந்தா அவங்களுக்கு வேண்டியது மட்டும் தெரியும்னு. நியாயமா பாத்தா அப்படித்தானே இருக்கணும்? நீங்களே சொல்லுங்க. நான் என் சாவியை அந்த ஆப் கையில குடுத்துட்டேன், அது கதவைத் தட்டறவங்க எல்லாருக்கும் அதே சாவியால திறந்து விடுதுன்னு அந்த வீடியோவுல எவனும் சொல்லல. ஃபோல்டருக்கு ஒரு பட்டன்னு அதுவா பட்டன் போட்டுக்கிச்சு. என் ஃபோன்ல பாத்தேன். லிஃப்ட், போர்வெல், பெயின்டிங், பென்ஷன், கேஸ், டோட்டல் லாஸ்னு வரிசையா நிக்குது. நான் ஓனர், எனக்குத் தெரியத்தானே செய்யும்னு விட்டுட்டேன்.

அன்னிக்கு அரசிக்கு ஆபீஸ்ல ஏதோ அவசர வேலை, பக்கத்துல இல்ல. நான் டிக் போட்டதை அவ பாக்கல. முடிச்சுட்டேன்னு சொன்னதும் ஒண்ணே ஒண்ணு சொன்னா. "அப்பா, குடுக்கறதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் ஃபோன்ல ஒரு தடவை திறந்து பாத்துடுங்க. இல்லன்னா என் நம்பரைச் சேருங்க, நான் பாத்துச் சொல்றேன்."

சேத்திருக்கலாம். அஞ்சு நிமிஷ வேலைகூட இல்ல.

ஆனா என்னன்னா தம்பி, அந்த ஆப்ல ஒரு நம்பரைச் சேத்தா அவங்க யாருன்னு போடணும். ஓனர், டெனன்ட், ரெசிடென்ட்னு மூணு கட்டம் வெச்சிருந்தேன், நானேதான் வெச்சேன். அவளைச் சேத்தா ரெசிடென்ட்னுதான் போடணும். அந்த லிஸ்ட் எல்லாருக்கும் தெரியும். லீவுக்கு வந்தவளை எப்படி ரெசிடென்ட்னு போடறது? நீங்களே சொல்லுங்க. கர்சரை அந்தக் கட்டத்துகிட்ட கொண்டுபோய் வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அவ பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. நான் ஏன் தயங்கறேன்னு அவளுக்குப் புரிஞ்சுடுச்சு. "சரிப்பா, விடுங்க. நல்லாத்தான் வந்திருக்கு"ன்னுட்டு உள்ள போயிட்டா.

இது சேலம்தானே? இங்க கொஞ்ச நேரம் நிக்கும். இந்த ஜன்னலைக் கொஞ்சம்... ஆமா, ஏசி பெட்டில திறக்க முடியாது இல்ல. மறந்துட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஜெனரல் பாடி மீட்டிங். கீழ ஹால்ல பெரிய டி.வி. ஃபோன்ல தெரியறது அப்படியே அதுல தெரியும். சுவத்துல ஒட்டி வெச்ச க்யூ.ஆர். கோடை எல்லாரையும் ஸ்கேன் பண்ணச் சொல்லி, அவங்கவங்க ஃபோன்ல ஆப்பை இறக்கியாச்சு. அரசி கீழ வருவான்னு நான் நெனக்கல. வராதேன்னு நான் சொல்லல. வரியான்னும் கேக்கல. அவங்கம்மாதான் பிடிவாதமா கூட்டிட்டு வந்துட்டா. அப்பா பண்ணதை ஊரே பாக்கப்போகுது, நீ பாக்காம எப்படின்னு. பின்னாடி வரிசைல ரெண்டு பேரும் உக்காந்தாங்க.

என் ஃபோனை டி.வி.ல போட்டிருந்தாக்கூட பரவாயில்ல. டோட்டல் லாஸை நான் தாண்டிப் போயிருப்பேன். எனக்கு ஆசை விடல. "என் ஃபோன் வேணாம், நம்ம முன்னாள் செகரட்டரி ஃபோன்லயே திறந்து காட்டுவோம்"னேன். அவர் வாயாலயே நல்லாருக்குன்னு சொல்ல வெக்கணும்னு. கோதண்டபாணி எழுந்து வந்தார். டி.வி.ல அவர் ஃபோன் வந்துது. பட்டன் வரிசையா வந்துது. என் பென்ஷன், என் கேஸ். ஏதோ தப்புன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. ஆனா வாய் அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கு, "பாருங்க, எவ்வளவு சுலபம்"னு.

அவர் அந்தப் பட்டன்கிட்ட நின்னுட்டார். "இது என்ன சார் டோட்டல் லாஸ்? என் பீரியட்ல அசோசியேஷனுக்கு லாஸ்னு காட்டறீங்களா?"ன்னு கேட்டார். மூஞ்சி சிவந்துடுச்சு. அந்த மனுஷன் அவரைப் பத்திதான் ஏதோ எழுதியிருக்கேன்னு நெனச்சுட்டார். நான் இல்ல சார், அது வேறன்னு சொல்றதுக்குள்ள அழுத்திட்டார்.

முதல்ல கார் வந்துது. பானெட் வரைக்கும் சேறு. எல்லாரும் சிரிச்சாங்க. சரி, சிரிப்போட போச்சுன்னு நானும் சிரிச்சேன். அவர் விரலால தள்ளினார். அடுத்தது பத்திரிகை. 'திருநிறைச்செல்வி மங்கையர்க்கரசி'ன்னு. அடுத்தது கோர்ட் ஆர்டர், முதல் பக்கம். அவ பேரு, அவன் பேரு, என்ன ஏதுன்னு எல்லாம் டி.வி. முழுக்க. மேல, தலைப்புல, அந்த ஃபோல்டர் பேரு தடிச்ச எழுத்துல நிக்குது. எழுத்து பெருசா இருக்கணும்னு அவதானே சொன்னா.

ஒருத்தரும் சிரிக்கல.

கோதண்டபாணி பதறிட்டார். எதை அழுத்தினா போகும்னு தெரியாம எதையோ அழுத்தறார், அந்தப் பேப்பர் இன்னும் பெருசாகுது. அரசி எழுந்து வந்தா. மெதுவாத்தான் வந்தா. "குடுங்க அங்கிள்"னு ஃபோனை வாங்கி டி.வி.லேருந்து கழட்டினா. அப்புறம் என் லேப்டாப்புகிட்ட வந்து, "அப்பா, கனெக்‌ஷனை எடுத்துடறேன், எல்லார் ஃபோன்லயும் போயிடும். எடுக்கட்டுமா?"ன்னு கேட்டா. சாதாரணமாத்தான் கேட்டா, காபி போடட்டுமாங்கிற மாதிரி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

இதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. அவங்கம்மா அங்க இருந்தா, அவளுக்குத் தெரியும். நான் சொன்னேன், "இரும்மா, எடுத்தா ஆப் நின்னுடுமா? லிஃப்ட் பேப்பரெல்லாம் போயிடாதே?"ன்னு.

அந்த நேரத்துல தம்பி. அத்தனை பேர் முன்னாடி என் பொண்ணு நிக்கறா. எனக்கு லிஃப்ட் பேப்பர்.

அவ என்னைப் பாத்தா. கோவமெல்லாம் இல்ல. "ஒண்ணும் போகாதுப்பா. எல்லாம் பத்திரமா இருக்கும்"னா. எடுத்துட்டு, லேப்டாப்பை மூடி என் கையில குடுத்துட்டு, மேல போயிட்டா.

மீட்டிங் கலைஞ்சுது. கோதண்டபாணி ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு வந்தார். "நான் வேற என்னமோ நெனச்சுட்டேன் சார், மன்னிச்சுடுங்க"ன்னார். அவரைத் திட்டணும்னு இருந்துது, திட்ட ஒண்ணும் கிடைக்கல. மூணாவது மாடி பியூலா மேடம், ஸ்கூல் டீச்சர், எல்லாரும் போற வரைக்கும் நின்னாங்க. எனக்கு ஆறுதல் சொல்லத்தான் நிக்கறாங்கன்னு நெனச்சு, "பாருங்க மேடம், நாங்க மூடி மூடி வெச்சது இப்படி ஆயிடுச்சு"ன்னேன்.

"எதை சார் மூடி வெச்சீங்க?"ன்னாங்க. "அரசி இங்கதான் இருக்கான்னு எங்களுக்கெல்லாம் ரொம்ப நாளா தெரியும். தினமும் மொட்டை மாடில என்கூடத்தான் நடக்கறா. ஏன் வந்துட்டான்னும் சொல்லியிருக்கா. அப்பாகிட்ட தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க, பாவம் சங்கடப்படுவார்னு அவதான் கேட்டுக்கிட்டா. அதனாலதான் நீங்க நேத்துதான் வந்தான்னு சொல்றப்போல்லாம் நாங்களும் தலையாட்டினோம்"னாங்க. அப்புறம் டி.வி.யைக் காட்டி, "ஆனா இதை நாங்க யாரும் எதிர்பார்க்கல சார்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அத்தனை பேரும் தம்பி. லிஃப்ட்ல பாக்கறவங்க, வாட்ச்மேன், பால் போடறவர். நான் அவளை மறைச்சு வெச்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அவங்க எல்லாரும் சேந்து என்னைப் பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டிருந்திருக்காங்க. அன்னிக்கு ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேன்.

அந்த ஆப் கம்பெனியை மட்டும் சும்மா விடல. நீளமா ஒரு மெயில் போட்டேன், உங்களால என் குடும்ப மானம் போச்சுன்னு. நல்லா மரியாதையா பதில் போட்டாங்க. நாங்க பாத்துட்டோம் சார், உங்க கனெக்‌ஷன் சரியாத்தான் வேலை செஞ்சிருக்குன்னு. நீங்களும் அதே துறைதான். கேட்டதைத்தான் குடுத்தோம்னு சொல்லிட்டா முடிஞ்சுதா?

சரி, விடுங்க. முடிஞ்சுதுதான்.

அன்னிக்குச் சாயங்காலம் அரசி என் ரூமுக்கு வந்தா. அழுவான்னு நெனச்சேன், திட்டுவான்னு நெனச்சேன். ரெண்டும் இல்ல. "ஊருக்குத் தெரிஞ்சதைப் பத்தி ஒண்ணும் இல்லப்பா. அதை ஏன் அந்தக் காரோட வெச்சீங்க?"ன்னு மட்டும் கேட்டா. நான் விளக்கினேன். கிளெய்ம்ஸ்ல அது எப்படி, சரி பண்ற செலவு எப்போ மதிப்பைத் தாண்டும், ஏன் தனி ரேக்னு. அது கெட்ட அர்த்தத்துல இல்லம்மா, வெறும் ஆபீஸ் முறைதான்னு. ரொம்ப நேரம் சொன்னேன். முழுசா கேட்டா. கடைசில, "நான் ஆறு மாசமா நல்லாத்தான்பா இருக்கேன். நீங்க ஒரு தடவையாவது பாத்திருக்கலாம்"னா.

நான் வெச்சது கல்யாணத்தைத்தான், அவளை இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன். ஆனா அந்த ஃபோல்டர்ல அவளோட வேற பேப்பரும் இருந்துது. டிகிரி சர்டிஃபிகேட்கூட அதுலதான் கிடந்துது. மாப்பிள்ளை வீட்டுல கேட்டாங்கன்னு அப்போ எடுத்தது, அந்தக் கட்டோடயே வந்துடுச்சு.

கொஞ்ச நாள்ல கோயம்புத்தூர் ஆபீஸுக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டா. ரயிலேத்திவிட அவங்கம்மா போனா. நான் முட்டி வலின்னேன். முட்டி வலிதான், இல்லன்னு சொல்லல.

அவங்கம்மாகிட்ட தினமும் பேசறா. என் ஃபோனை எடுக்க மாட்டேங்கிறா. போன வாரம் அவங்கம்மா ஃபோன்லேருந்து ஹாஸ்டல் வார்டன் நம்பரைத் தேடி எடுத்து, அதுக்குப் போட்டேன். ஒரு அம்மா எடுத்தாங்க. மங்கையர்க்கரசி இருக்காங்களான்னேன். "நீங்க யாரு பேசறது?"ன்னாங்க.

எனக்குப் பயம் வந்துடுச்சு. அப்பான்னு சொல்லி, அந்த அம்மா போய்க் கூப்பிட்டு, அவ வர மாட்டேன்னுட்டா? அந்த முன்னபின்ன தெரியாத அம்மா திரும்பி வந்து, உங்ககிட்ட பேச மாட்டாங்களாம் சார்னு சொன்னா என் மானம் என்ன ஆகும்? பாத்தீங்களா, அங்கயும் என் மானம். "செண்பகா என்க்ளேவ் செகரட்டரி பேசறேங்க, ஃப்ளாட் விஷயமா"ன்னுட்டேன். செகரட்டரிகூட இல்ல நான் அப்போ.

வந்தா. ஹலோன்னா. நான் "ஒண்ணுமில்ல, சும்மாதான்..."னு இழுத்தேன். குரலைக் கேட்டதும் புரிஞ்சிருக்கும். வெச்சுடுவான்னு நெனச்சேன். அப்புறம் சொல்றா, "சொல்லுங்க சார்"னு.

வார்டன் பக்கத்துல இருந்திருப்பாங்க. நான் சொன்ன பொய்யை அவ காப்பாத்தறா. "சாப்டாச்சா?"ன்னேன். எந்த செகரட்டரி தம்பி ஃபோன் பண்ணி சாப்டாச்சான்னு கேப்பான்? "ஆச்சு சார்"னா. "உடம்பெல்லாம்?" "நல்லாருக்கேன் சார்." "அங்க மழையா?" "லேசா சார்." அவ்வளவுதான். "சரி, வெச்சிடட்டுமா சார்?"னு கேட்டா. நான் சரிங்கம்மான்னேன். ஒவ்வொரு தடவை அவ சார்னு சொன்னப்பவும் நான் திருத்தியிருக்கலாம்.

ஃபோனை வெச்சுட்டு அன்னிக்குத்தான் முதல் தடவையா அழுதேன். அவங்கம்மா பாத்துட்டா. "ஃபோன்ல ஆகாது, நேர்ல போங்க. நான் வர மாட்டேன், நீங்க மட்டும் போங்க"ன்னா. ராத்திரியே டிக்கெட் போட்டுட்டா.

திருப்பூர் தாண்டியாச்சா? இனிமே நிக்காது, நேரா கோயம்புத்தூர்தான். நீங்க பாவம், ஒரு வேலையும் பண்ண விடல நான். நல்ல பிள்ளை நீங்க, பேசாம கேட்டுக்கிட்டீங்க. உங்க ஆப்பை ஒரு தடவை வேற யார் ஃபோன்லயாவது திறந்து பாத்துக்குங்க, அவ்வளவுதான் நான் சொல்வேன்.

அந்த ஹாஸ்டல் வாசல்ல கேப்பாங்க, யாரைப் பாக்கணும், நீங்க அவங்களுக்கு என்ன வேணும்னு. காட்பாடிலேருந்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வரேன் தம்பி. அரசியோட அப்பா. அரசியோட அப்பா வந்திருக்கேன்னு சொல்லுங்க. உங்ககிட்ட இவ்வளவு நேரம் இவ்வளவு பேசினேன், இதை மட்டும் இப்பத்தான் முதல் தடவையா வாயைத் திறந்து சொல்றேன். சரியா கேக்குதா?